சொல்லாமல் விட்ட பாதி

ஸுல்பிகா பல்கலைக்கழகத்தில் படித்தது மொழிபெயர்ப்பு. செய்த வேலை படுக்கை விரிப்புத் துவைப்பது. கற்பிட்டிக் கடலில் காற்றாடி கட்டிச் சறுக்கி விளையாட வரும் வெள்ளைக்காரர்கள் தங்குகிற ஹோட்டல் ஒன்றின் பின்பக்கத்தில், தகரக் கூரைக்குக் கீழே சில மெஷின்களும் ஒரு நீள மேசையும் கிடந்தன. அங்கேதான் அவளுடைய பகல்கள் கழிந்தன. காற்றுக் காலத்தில் விரிப்புகள் மலைபோலக் குவியும். மணலை உதறி உதறியே தோள் கழன்றுவிடும். காற்று நின்ற மாதங்களில் ஹோட்டல்காரர்கள் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்போது அந்த வேலையும் இல்லை.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஓடியிருந்தன. இனி தமிழும் சிங்களமும் தெரிந்தவர்களைத் தேடிப் பிடிப்பார்கள் என்று விரிவுரையாளர்கள் சொல்லியிருந்தார்கள். அவளும் நம்பினாள். விண்ணப்பங்கள் போட்டாள், கொழும்புக்குப் போய் நேர்முகங்களில் உட்கார்ந்தாள், பட்டதாரி நியமனம் இந்தா வருகிறது, அந்தா வருகிறது என்று காத்திருந்தாள். வாப்பா மௌத்தான பிறகு வீட்டில் உம்மா றம்லாவும் அவளும்தான். உம்மாவுக்கு மூச்சிழுப்பு வருத்தம். அவளைத் தனியே விட்டுவிட்டுக் கொழும்பில் அறை எடுத்து இருக்க முடியாது. கிட்டடியில் கிடைத்தது சலவை வேலை மட்டும்தான். ஒரு வருடத்துக்கு என்று போனவள், பிறகு எத்தனை வருடம் என்று எண்ணுவதை விட்டுவிட்டாள்.

அவளுடைய சிங்களம் புத்தகச் சிங்களம் மட்டுமல்ல. வாப்பா சிலாபத்துக்கு மீன் ஏற்றிய காலத்தில் பள்ளி விடுமுறையென்றால் லொறியில் அவளையும் கூட்டிப்போவார். சந்தையில் பிள்ளைகளோடு பிள்ளையாக விளையாடிப் பழகிய பேச்சு அது. அவள் வாயைத் திறந்தால் சிங்களவர்களே ஊர் எது என்று கேட்பார்கள். அதனால் அவள் இருந்த குடியிருப்பில் யாருக்குப் பொலிசில் அலுவல் என்றாலும், அரசாங்கக் கச்சேரியில் அலுவல் என்றாலும், ஆஸ்பத்திரியில் டொக்டரிடம் கதைக்க வேண்டுமென்றாலும் ஸுல்பிகாவைத்தான் கூட்டிப்போனார்கள். ஹோட்டல் மேற்பார்வையாளர் மர்ஸூக் நானா ஒவ்வொரு லீவுக்கும் முகத்தைச் சுழிப்பார். அவளுக்கோ அந்த நாட்களில்தான் தன் தலைக்குள் இன்னும் விளக்கெரிகிறது என்று தோன்றும்.

அப்படித்தான் ஒரு நாள் பக்கத்து வீட்டு ஹவ்வா உம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

ஹவ்வா உம்மாவை அவள் மாமி என்றுதான் கூப்பிடுவாள். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களைத் துரத்தியதில் மன்னாரை விட்டு எல்லோரும் வள்ளங்களில் ஏறி வந்தபோது ஸுல்பிகா கைப்பிள்ளை. இழுப்பு வந்து மயங்கிக் கிடந்த றம்லாவின் மடியிலிருந்து பிள்ளையைத் தூக்கித் தன் சீலைக்குள் சுற்றி, கற்பிட்டிக் கரை வரும்வரை வைத்திருந்தவள் ஹவ்வா உம்மா. அவள் அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. புருஷன் போன பிறகு குறிஞ்சிப்பிட்டிப் பக்கத்து வெங்காயத் தோட்டங்களில் கூலி வேலை செய்து ஒரே மகள் ஆதிலாவை வளர்த்தாள். செருப்பில்லாமல் மணலில் நிற்கிற வேலை. இரத்தத்தில் சீனி கூடுகிற வருத்தமும் இருந்தது. காலில் பட்ட சின்ன வெட்டொன்று ஆறாமல் கிடந்து, பெருவிரல் கறுத்துப்போயிருந்தது. ஆதிலாவின் கலியாணத்துக்கு இன்னும் ஒரு கிழமைகூட இல்லை. பந்தல்காரனோடும் சமையல்காரனோடும் கதைத்துத் திரிந்தவளை றம்லாதான் பிடிவாதமாக அனுப்பிவைத்தாள்.

கிளினிக்கில் இருந்தவர் குருநாகல் பக்கத்து இளம் பெண் டொக்டர். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. விரலைப் பார்த்தார், அமர்த்திப் பார்த்தார், காலின் மேல்பக்கத்தில் நாடி தேடினார். ஸுல்பிகா பழைய வருத்தங்களையும் குடிக்கிற மருந்துகளையும் சிங்களத்தில் ஒன்றுவிடாமல் சொன்னாள். டொக்டர் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார்.

"இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை. எங்கே படித்தீர்கள்?"

ஸுல்பிகாவுக்குக் காது சூடாகியது. படித்த இடத்தைச் சொன்னாள். டொக்டர் சிரித்தார். பிறகு முகம் மாறி, மெதுவாகச் சொன்னார்: விரல் செத்துவிட்டது. இன்றைக்கே வாட்டில் சேர வேண்டும். விரலை எடுத்தால் காலைக் காப்பாற்றலாம். வீட்டுக்குப் போனால் கால் போகும், உயிருக்கும் ஆபத்து. "இதை அப்படியே சொல்லுங்கள்."

ஸுல்பிகா திரும்பினாள். ஹவ்வா உம்மா கதிரையின் விளிம்பில் இருந்து அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னவாம் மகள்? கலியாணம் முடியிற வரைக்கும் தாங்குமாமா?"

சொல்ல வேண்டிய சொற்கள் எல்லாம் ஸுல்பிகாவிடம் இருந்தன. ஆனாலும் நாக்கு வேறொன்றைச் சொன்னது. "விரல் கொஞ்சம் பழுதாம் மாமி. வாட்டுல நிண்டு மருந்து கட்டினா நல்லதாம்."

"இப்ப ஏலாதெண்டு சொல்லு புள்ள. கலியாணம் முடிஞ்ச கையோட வாறன்."

நோயாளி என்ன சொல்கிறார் என்று டொக்டர் கேட்டார். மாட்டேன் என்கிறார் என்று சொன்னால் டொக்டர் இன்னும் கதைப்பார், மாமி அழுவாள், வெளியே நிற்கிற வரிசை முணுமுணுக்கும். கொஞ்ச நேரத்துக்கு முன் கிடைத்த அந்தப் பார்வையும் போய்விடும். ஸுல்பிகா சொன்னாள்: "வீட்டை ஒழுங்குபண்ணிவிட்டு நாளைக் காலையில் வந்து சேருகிறாராம்."

டொக்டருக்குப் பிடிக்கவில்லை. நாளைக்குக் காலை, கட்டாயம் என்று இரண்டு தரம் சொன்னார். ஸுல்பிகா தலையாட்டினாள். எழும்பும்போது டொக்டர் அவளை மறித்து, ஆஸ்பத்திரிக்குத் தமிழ் தெரிந்த மொழி உதவியாளர் ஒருவரைத் தேடுகிறார்கள், அலுவலகத்தில் போய் விசாரியுங்கள், நானும் சொல்லிவைக்கிறேன் என்றார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஹவ்வா உம்மா அவளுடைய தோளில் சாய்ந்து நித்திரையானாள். ஸுல்பிகா யன்னலுக்கு வெளியே ஓடிய தென்னந்தோப்புகளைப் பார்த்தபடி, நேர்முகத்துக்கு எந்தச் சட்டை உடுப்பது என்று யோசித்துக்கொண்டு வந்தாள்.

அன்றைக்கு அஸர் தொழுகைக்குப் பிறகு, உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஸுல்பிகா ஹவ்வா உம்மாவின் வீட்டுக்குப் போனாள். முற்றத்தில் பந்தல் கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். ஆதிலா மருதோன்றிக் கையோடு வந்து, ராத்தா என்று உடன்பிறந்தவளைப்போலக் கட்டிக்கொண்டாள். ஸுல்பிகா ஒரு பிளேன்டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டாள். மறுநாளும் போனாள். அன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு அவளைத் தடுத்தது கலியாணம் மட்டுமல்ல. இப்போது சொன்னால் மாமி ஆஸ்பத்திரிக்கு ஓடுவாள். ஏன் வரவில்லை என்று டொக்டர் கேட்பார். கேட்டால் எல்லாம் வெளியே வரும். அவள் விசாரித்ததில், ஆஸ்பத்திரி அலுவலகத்தில் மொழிச் சோதனைக்கு நாள் குறித்திருந்தார்கள். அந்த எண்ணம் வந்தபோது அதை அவள் துரத்தியடிக்கவில்லை. கலியாணம் முடியட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சோதனையும் முடியட்டும் என்று அதற்குள்ளே இன்னொரு குரல் இருந்ததை, கேட்டும் கேளாததுபோல விட்டாள்.

கலியாணம் சிறப்பாக நடந்தது. மாப்பிள்ளை றிஸ்கான் புத்தளம் டவுனில் முச்சக்கரவண்டி ஓட்டுகிறவன், தங்கமான பிள்ளை. ஹவ்வா உம்மா காலில் துணி சுற்றிக்கொண்டு வந்தவர்களுக்கெல்லாம் சோறு பார்த்தாள். அதற்குப் பிறகு ஸுல்பிகா ஒரு தரம் வேலிக்கு மேலால் கேட்டாள், ஆஸ்பத்திரிக்குப் போகவில்லையா மாமி என்று. இப்போது நோவே இல்லை, விருந்தெல்லாம் முடியட்டும், பிறகு பார்ப்போம் என்றாள் ஹவ்வா உம்மா. செத்த விரல் நோகாது என்று ஸுல்பிகாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவள் சரி என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வேலை கிடைத்தது. சோதனையில் அவளுக்குக் கிட்டவும் யாரும் வரவில்லை என்று அலுவலகத்தில் சொன்னார்கள். மர்ஸூக் நானாவே சந்தோஷப்பட்டு ஹோட்டலில் கேக் வெட்டினார். உம்மா இரண்டு ரக்காத் சுன்னத்துத் தொழுதுவிட்டு அழுதாள். கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு முதல் நாள் வாட்டுக்குள் நடந்தபோது, நெடுங்காலம் மடித்து வைத்திருந்த தன் உடம்பை யாரோ நீட்டி நிமிர்த்திவிட்டதுபோல இருந்தது ஸுல்பிகாவுக்கு. கட்டில் கட்டிலாகக் கூப்பிட்டார்கள். எங்கே நோகிறது, எப்போதிருந்து நோகிறது என்று கேட்டாள். பயந்துபோய்க் கிடந்தவர்கள் அவளுடைய தமிழைக் கேட்டதும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். படித்த ஒவ்வொரு சொல்லுக்கும் வேலை இருந்தது. வீட்டுக்கு வரும்போது களைப்பாக இருக்கும், ஆனால் தோள் நோகாது. சந்தோஷம் ஊறிவரும் நேரத்தில் பக்கத்து வீட்டு விளக்கு கண்ணில் படும். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு படலையைத் திறப்பாள். அடுத்த கிளினிக்குக்கு மாமியைத் தானே கூட்டிப்போக வேண்டும் என்று மனதுக்குள் நிய்யத்து வைப்பாள்.

அந்தக் கிளினிக் நாள் வருவதற்குள், ஒரு காலையில் அவளைப் பெண்கள் வாட்டுக்கு அவசரமாகக் கூப்பிட்டார்கள். ஒரு காலை எடுக்க வேண்டும், நோயாளிக்கு விளங்கப்படுத்திச் சம்மதம் வாங்க வேண்டும் என்றார் தாதி மிஸ்ஸி. திரையை விலக்கிக்கொண்டு போனாள். கட்டிலில் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு ஹவ்வா உம்மா கிடந்தாள். கால் முழங்கால்வரை வீங்கி நிறம் மாறியிருந்தது. தலைமாட்டில் ஆதிலா. கலியாண மருதோன்றி அவளுடைய நகங்களில் இன்னும் அழியவில்லை.

"வந்திட்டா எங்கட புள்ள," என்றாள் ஹவ்வா உம்மா மகளைப் பார்த்து. "இனிப் பயமில்ல."

சத்திரசிகிச்சை டொக்டர் பக்கத்தில் நின்றார். கிளினிக் டொக்டரும் வந்திருந்தார். காலைப் பார்த்ததும் அவருக்கு ஆளை ஞாபகம் வந்துவிட்டது. ஸுல்பிகாவிடம் திரும்பினார்.

"அன்றைக்கே சேரச் சொன்னேனே. நாளைக்கு வருகிறேன் என்று சொன்னவர் ஏன் வரவில்லை? கேளுங்கள்."

திரைக்குள்ளே நின்றவர்களில் இரண்டு பக்கமும் விளங்கியவள் அவள் ஒருத்திதான். ஆதிலாவுக்குச் சிங்களம் தெரியாது. றிஸ்கான் வெளியே நின்றான். அவள் மாமியிடம் எதைக் கேட்டாலும், டொக்டரிடம் எதைச் சொன்னாலும் இரண்டு பேரும் நம்புவார்கள். கலியாணம் என்றபடியால் வரவில்லை என்று சொன்னால் முடிந்தது. அது பொய்யும் இல்லை. ஸுல்பிகா கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமி, அண்டைக்கே வாட்டுல நிக்கச் சொன்னனே, ஏன் வரல்லெண்டு டொக்டர் கேக்கிறா."

ஹவ்வா உம்மா காய்ச்சல் கண்ணால் அவளைப் பார்த்தாள். "அப்பிடி அவசரமெண்டு சொல்லல்லியே மகள். நிண்டா நல்லதெண்டுதானே சொன்ன. நீதானே பக்கத்துல இருந்த."

குற்றம் சாட்டுகிற குரல் அல்ல அது. தன் ஞாபகம் பிசகிவிட்டதோ என்று கேட்கிற குரல். ஸுல்பிகா டொக்டரிடம் திரும்பி, மாமி சொன்னதை ஒரு சொல்லும் குறையாமல் சிங்களத்தில் சொன்னாள். பிறகு, "அவர் சொல்வது உண்மை. நீங்கள் சொன்னதை நான் அவருக்குச் சொல்லவில்லை. அவர் சொன்னதையும் உங்களுக்குச் சொல்லவில்லை. கலியாணம் முடிந்துதான் வருவேன் என்றார். நாளைக்கு என்றது நான்தான்," என்றாள்.

கிளினிக் டொக்டரின் முகம் வெளிறிப்போனது. சத்திரசிகிச்சை டொக்டர் ஒருவரையும் பார்க்காமல், நேரம் போகிறது, முதலில் காலைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். ஸுல்பிகா சொன்னாள். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் உயிர் தங்காது, இன்றைக்கே. இந்தத் தரம் எதையும் மெழுகவில்லை. சொல்லி முடித்துவிட்டு, குனிந்து, அதே குரலில் மற்றதையும் சொன்னாள்.

"மாமி, அண்டைக்கு டொக்டர் இதத்தான் சொன்னவ. விரல மட்டும் எடுத்தாக் காணும், கால் தப்புமெண்டு சொன்னவ. நான் உங்களுக்குச் சொல்லாம விட்டுட்டன்."

ஹவ்வா உம்மா கையை நீட்டிப் பேனையைக் கேட்டாள். கையெழுத்து வைத்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வாட்டு வாசலில் ஆதிலா அவளை மறித்தாள். "என்ட கலியாணம் குழம்பிடுமெண்டா ராத்தா மறைச்ச?"

ஓம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். "முதல்ல அப்பிடித்தான். பிறகு இந்த வேலைக்காகவும்," என்றாள் ஸுல்பிகா.

"கிடைச்சிட்டுத்தானே," என்றாள் ஆதிலா. அதோடு ராத்தா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டாள்.

சத்திரசிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே ஸுல்பிகா கிளினிக் அறைக்குப் போய், வேலையை விட்டுவிடுகிறேன் என்றாள். டொக்டர் கோபத்தில் இருந்தார். உங்களை நான்தான் சிபாரிசு செய்தேன், எந்த வாயைப் பார்த்துச் செய்தேனோ அந்த வாய்தான் அன்றைக்கே என் நோயாளியை ஏமாற்றியிருக்கிறது என்றார். ஸுல்பிகா நின்றபடியே கேட்டாள். கொஞ்சம் பொறுத்து டொக்டரின் குரல் இறங்கியது. மறுநாள் நோயாளி வரவில்லை என்று தெரிந்தும் தானும் ஆள் விட்டுத் தேடவில்லை. நோயாளிக்கு என்ன விளங்கியது என்று கேட்கவும் இல்லை. நல்ல சிங்களத்தைக் கேட்டதும் எல்லாம் சரியென்று நினைத்துவிட்டதாகச் சொன்னார். இதை ஆஸ்பத்திரிப் பணிப்பாளரிடம் சொல்லத்தான் வேண்டும் என்றார். "நானே போய்ச் சொல்கிறேன்," என்றாள் ஸுல்பிகா.

போய்ச் சொன்னாள். பணிப்பாளர் அவளை நிற்க வைத்து ஏசினார், கடைசியில் வேலையில் வைத்துக்கொண்டார். மாவட்டத்தில் அந்த வேலைக்கு வேறு ஆளில்லை என்பதுதான் காரணம் என்று அவளுக்குத் தெரியும். தகுதிகாண் காலத்தை நீட்டினார்கள். தமிழ் விளங்கக்கூடிய ஒரு மிஸ்ஸி சில மாதங்களுக்கு அவளுக்குப் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும் என்று உத்தரவு. முதன்முதலாகத் தனக்கு ஏற்ற வேலையில் இருந்தவளுக்கு, பள்ளிப் பிள்ளையைப்போல ஒருவர் காவல் நின்றார். ஸுல்பிகா அதற்கு முகம் கோணவில்லை.

வீட்டில் உம்மாவுக்குச் சொன்னது எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. றம்லா கேட்டுவிட்டு எழும்பி, ஹவ்வா உம்மாவுக்குக் கொண்டுபோகச் சமைத்து வைத்திருந்த கஞ்சியை அவளிடம் கொடுக்காமல் தானே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். மூச்சு இழுக்க இழுக்கப் போனாள். பிறகு வந்த மாதங்களிலும் மகளோடு கதைத்தாள், சாப்பாடு போட்டாள். வேலையைப் பற்றி மட்டும் ஒரு நாளும் கேட்கவில்லை. குடியிருப்பிலும் கதை பரவியது. அவளைக் கூட்டிக்கொண்டு பொலிசுக்கும் கச்சேரிக்கும் போவது நின்றது. ஹவ்வா உம்மா வீட்டுக்கு வந்த பிறகு ஸுல்பிகா போய் வாசலில் நிற்பாள். உள்ளே வா என்பாள் ஹவ்வா உம்மா. போவாள். உடுப்புக் கழுவிக் கொடுப்பாள், புண்ணுக்குத் துணி மாற்ற உதவுவாள். சலவைக்காரியாக இருந்தபோது அந்த வீட்டில் கிடைத்த சிரிப்பு இப்போது இல்லை. ஆதிலா அவள் வரும் நேரம் பார்த்துக் கிணற்றடிக்குப் போய்விடுவாள்.

வேலையில் அவள் மாறியிருந்தாள். டொக்டர் சொன்னதைச் சொல்லி முடித்ததும், உங்களுக்கு என்ன விளங்கிச்சு, எனக்குத் திருப்பிச் சொல்லுங்க என்று ஒவ்வொருவரிடமும் கேட்பாள். டொக்டரும் அவளும் சேர்ந்து கொண்டுவந்த பழக்கம் அது. தலவிலப் பக்கத்துச் சவிரிமுத்து என்ற மீனவருக்கு நுரையீரலில் புற்றுநோய் என்று சொல்ல வேண்டி வந்தபோது, அந்த ஆள் தலையாட்டிக்கொண்டே, சளி கட்டியிருக்குதாம் என்று திருப்பிச் சொன்னார். அவள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள். மனிதர் உடைந்து அழுதார். அழுது ஓயும்வரை பக்கத்தில் இருந்தாள். வேலையில் கெட்டிக்காரி என்று சிங்களவர்களும் தமிழர்களும் சொல்லத் தொடங்கினார்கள். யாராவது அப்படிச் சொன்னால் அவளுக்கு அந்த இடத்தை விட்டு ஓட வேண்டும்போல இருக்கும். அந்தக் கெட்டித்தனத்துக்கு யாருடைய கால் போனது என்று அவர்களுக்குத் தெரியாது.

காற்று மாறி, தோட்டங்களில் வெங்காயம் கிளப்புகிற காலத்தில், ஹவ்வா உம்மாவுக்கு மறுபடி கிளினிக் வந்தது. சக்கரக் கதிரையில் றிஸ்கான் தள்ளிக்கொண்டு வந்தான், ஆதிலா பக்கத்தில். டவுனில் ஓடித்திரிகிறவன், சிங்களம் நன்றாகத் தெரியும். நாங்களே கதைத்துக்கொள்வோம் என்று ஆதிலா வாசலில் நின்ற மிஸ்ஸியிடம் சொன்னாள். ஸுல்பிகா சரியென்று விலகி நின்றாள். அது அவர்களுடைய உரிமை.

கதவுக்குக் கிட்டப் போனதும் ஹவ்வா உம்மா சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

"அவள் வரட்டும்," என்றாள்.

"ஏன் உம்மா? இவருக்குத் தெரியுந்தானே."

"மருமகனுக்கு எனக்கு மனசு நோகுமெண்டு பயம். அவள் வரட்டும்."

உள்ளே டொக்டர் மற்றக் காலைப் பார்த்தார். கால் நன்றாக இருந்தது. இரத்தப் பரிசோதனை நன்றாக இல்லை. சிறுநீரகங்களும் பழுதுபடத் தொடங்கிவிட்டன. உப்பையும் சாப்பாட்டையும் கட்டுப்படுத்தி, மருந்து தவறாமல் எடுத்தால் வருடக்கணக்காகத் தள்ளிப்போடலாம். விட்டால் இயந்திரத்தில் இரத்தம் சுத்தப்படுத்த வேண்டி வரும் என்றார். ஸுல்பிகா மாமியின் முகத்துக்கு நேரே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். நல்லதையும் கூட்டவில்லை, கெட்டதையும் குறைக்கவில்லை. ஆதிலா சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"விளங்கினதத் திருப்பிச் சொல்லுங்க மாமி," என்றாள் ஸுல்பிகா.

ஹவ்வா உம்மா ஒவ்வொன்றாகச் சொன்னாள். உப்பு, மருந்து, இயந்திரம். ஒன்றும் விடவில்லை. "சரியா?"

"சரி மாமி."

"அப்ப போவம்," என்றாள் ஹவ்வா உம்மா மருமகனிடம். ஸுல்பிகாவின் கையைத் தொடவில்லை. றிஸ்கான் கதிரையைத் திருப்பினான். ஆதிலா மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு, அவளைக் கடந்து, அவளைப் பார்க்காமல் வெளியே போனாள்.

ஸுல்பிகா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வாசலில் உச்சமுனையிலிருந்து விடியப் படகேறி வந்த ஒரு பெண், தன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, உள்ளே வரலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றாள். "வாங்க," என்று ஸுல்பிகா எழும்பிப் போய் அவளைக் கூட்டி வந்தாள்.